பொறுமை அணியின் இரண்டாவது பேச்சாளர்

சேவியர் சார் இன்னும் முடித்தபாடில்லை. முடிக்கவே வேண்டாம் என்றுதான் காந்திமதிக்கு இருந்தது. அவர் பேசிக்கொண்டே இருக்கட்டும், தலைக்கு மேலே இந்த மின்விசிறி கடகடத்துக்கொண்டே கிடக்கட்டும், நடுவர் மேசையில் இருக்கும் மணியின் நாக்கு அறுந்து விழட்டும், தன் பேரை மட்டும் யாரும் கூப்பிட்டுவிட வேண்டாம். அம்பாசமுத்திரத்தில் வணிகர் சங்க ஆண்டு விழா. பந்தியில் பாயசத்தைக் கொஞ்சம் தாராளமாகவே குடித்துவிட்டு வந்த கூட்டம் கல்யாண மண்டபத்து நாற்காலிகளில் சரிந்து கிடந்தது. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற இடத்தில் நடுவர். அவருக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். குடும்பம் நிலைப்பது பொறுமையாலா, உரிமையாலா? சேவியர் சார் உரிமை. அவள் பொறுமை. எந்த ஊரானாலும், தலைப்பை எப்படித் திருப்பிப் போட்டாலும் அவள் பொறுமைதான். அவர் முடித்ததும் அவள் எழுந்து போய் மைக்கைப் பிடித்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது வரிசையில், தன் மாமியாருக்கும் தூணுக்கும் நடுவில், அக்கா வடிவு உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போவதா வேண்டாமா என்று இன்றைக்கு முடிவு செய்தாக வேண்டும் அவளுக்கு. நீ மேடையில் என்ன சொல்லுதியோ அதையே செய்யுதேன் என்று காலையில் தலை வாரிக்கொண்டே சொல்லிவிட்டாள். ஒரு பட்டிமன்றப் பேச்சை வைத்து. யாரோ பங்கு பிரித்துக் கொடுத்த ஒரு பக்கத்தை வைத்து. இது என்ன நியாயம் என்று காந்திமதி யாரோடும் மல்லுக்கு நிற்கத் தயார்தான். பஸ் கண்டக்டரிலிருந்து பல்கலைக்கழக விடுதிக் காப்பாளர் வரைக்கும் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது. ஆனால் இதில் யாரோடு மல்லுக்கு நிற்பது?

ஆடிக்கு அழைத்து வந்தது. கல்யாணமான முதல் வருஷம் ஆடி மாசத்தில் பெண்ணைத் தாய் வீட்டில் கொண்டுவந்து வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே, அதனால் வடிவு பெட்டியோடு வந்து இறங்கியபோது தெருவில் ஒரு புருவம்கூட உயரவில்லை. ஆவணி பிறந்தது. கேட்டவர்களுக்கு அம்மா, அங்கே வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள் என்றாள். புரட்டாசியும் பிறந்தது; அந்த வெள்ளை இன்னும் காய்ந்தபாடில்லை. வீட்டுக்குள்ளேயும் யாரும் வாய் திறக்கவில்லை. வடிவு மட்டும் எதைச் சொன்னாலும் வலது காதைத் திருப்பிக் கேட்டாள். இடது காதில் ஒரே இரைச்சலாக இருக்கிறது, சாரல் காற்று பட்டிருக்கும் என்றாள். குற்றாலத்துக் காற்று பாவம், தான் செய்யாததற்கெல்லாம் பழி சுமந்தது. பிறகு ஒரு மத்தியானம், கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள். மணி பார்க்கப் புருஷன் போனை எடுத்தாளாம். பார்த்துக்கொண்டிருந்தவன் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்தானாம். அதற்கு அப்புறமும் இரண்டொரு தடவை, வேறு வேறு காரணத்துக்கு. காந்திமதிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது, ஏறிக்கொண்டிருக்கும்போதே வடிவு, காயிலிருந்து கண்ணை எடுக்காமல், ஏதோ வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். “என்ன செய்ய. கோவத்துல அறையுத கைதானளா காய்ச்சல்னா நெத்தியிலயும் வந்து இருக்கும்.”

அந்த வரி காந்திமதியுடையது. தன் குழந்தை வேறொருத்தியின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு தன்னைப் பார்த்துப் பல் காட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஒரு வேனில் பிறந்த வரி அது. கடையநல்லூருக்குப் போகிற வழி, மடியில் முறுக்குப் பொட்டலம், முன் சீட்டிலிருந்து நடுவர் சங்கரபாண்டியன் அய்யா திரும்பிப் பார்த்து, உன் பேச்சில் நடுவில் ஒரு கைதட்டு குறையுதும்மா, ஏதாவது ஒண்ணு வையி என்றார். முறுக்கைக் கடித்துக்கொண்டே அவள் வைத்தாள். கோபத்தில் அறைகிற கைதான் காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற கையும். கை என்று வந்ததால் இன்னொரு கை, கோபத்தின் சூட்டுக்குக் காய்ச்சலின் சூடு. அவ்வளவுதான், நாக்கு போட்ட கோலம். அன்றைக்குக் கடையநல்லூரில் பெண்கள் பக்கத்திலிருந்து முந்தானைகள் கண்ணுக்குப் போயின. யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி, பின்னால் வீணை வைத்து, போனுக்குப் போன் அனுப்பினார்கள். வடிவின் மாமியார் தினம் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு சேர்த்து மருமகளுக்கு அதையே அனுப்பிக்கொண்டிருந்தாள் என்பது காந்திமதிக்குக் கொத்தவரங்காய்க்கு அப்புறம்தான் தெரிந்தது. ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டால் காது பழகும், காது பழகியது மனசுக்கு உண்மைபோலப் படும் என்று அவள் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். முதுகலை உளவியல், இரண்டாம் வருஷம், சமூக மனம் பற்றிய தாள். சொன்னது யார், எதற்காகச் சொன்னார் என்பது கொஞ்ச நாளில் உதிர்ந்துவிடும், சொன்னது மட்டும் தனியே நிற்கும் என்றும் எழுதியிருக்கிறாள். நல்ல மதிப்பெண். எழுதிய கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை என்றால் அந்தப் படிப்பைக் கொண்டுபோய் எந்த ஆற்றில் விடுவது?

கூட்டம் சிரித்தது. சேவியர் சார் எதையோ சொல்லியிருக்கிறார். “அடுப்படியில நிக்கிறவளுக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டுய்யா” என்று அவர் மேசையைத் தட்டுகிறார், பெண்கள் பக்கம் விசில்கூட வருகிறது, வருகிற வழியில் இதே சேவியர் சார் போனில் தன் மனைவியிடம், என்னைக் கேட்காமல் உங்கம்மா வீட்டுக்கு எப்படிப் போனே என்று வேன் முழுக்கக் கேட்கும்படி குதித்ததை இவர்களுக்கு யார் சொல்வது. குதித்து முடித்துப் போனைப் பையில் போட்டுவிட்டு, உரிமைக்கு ஒரு நல்ல கவிதை இருந்தால் சொல்லும்மா என்று காந்திமதியிடம் கேட்டார். அவரைப் பற்றி முன்பெல்லாம் அவள் விடுதியில் சொல்லிச் சிரிப்பாள். இப்போது பொறாமையாக இருந்தது. எத்தனை வருஷம் உரிமை உரிமை என்று பேசியும் ஒரு துளி உள்ளே இறங்காமல் அந்த மனுஷன் காய்ந்தே இருக்கிறார், தாமரை இலை மாதிரி. அவளுக்கு இறங்கிவிட்டது. கல்லூரியில் முதல் தடவை அணி பிரித்தபோது சீனியர்கள் உரிமையை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளினார்கள்; சரி, எந்தப் பக்கமானாலும் ஜெயிப்பேன் என்ற திமிரில்தான் எழுந்து நின்றாள். அங்கே நடுவராக வந்திருந்த சங்கரபாண்டியன் அய்யா, டவுனில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், எந்தத் துணி எந்த முகத்துக்கு எடுபடும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவர், அவளையும் அப்படித்தான் அளந்தார். உன்னை மாதிரித் துடுக்கான பிள்ளை பொறுமைன்னு சொன்னாத்தான் எடுபடும், நான் சொன்னா கெழவன் வேற என்ன சொல்லுவான்னு போயிருவான் என்றார். ஒருத்தர் தன் குணத்துக்கும் லாபத்துக்கும் எதிரான பேச்சைப் பேசினால் ஊர் அதிகம் நம்பும். பாடத்தில் ஒரு அத்தியாயம். ஜவுளிக்கடையில் ஒரு பார்வை.

இன்னொரு அத்தியாயமும் உண்டு, அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்ததாலேயே அது வந்து உட்கார்ந்தது. சலிப்பூட்டுகிற வேலை ஒன்றைச் செய்யச் சொல்கிறார்கள். செய்து முடித்தவர்களிடம், வெளியே காத்திருக்கிற ஆளிடம் போய் இது ரொம்பச் சுவாரஸ்யமான வேலை என்று பொய் சொல்லுங்கள் என்கிறார்கள். அதற்குச் சிலருக்கு நிறையக் காசு, சிலருக்குக் கொஞ்சம். பிற்பாடு விசாரித்தால், நிறைய வாங்கியவர்கள் பொய் சொன்னோம், காசு வாங்கினோம் என்று நிம்மதியாக இருக்கிறார்கள். கொஞ்சமாக வாங்கியவர்களுக்குத்தான் தொல்லை. இந்த அற்பக் காசுக்காகவா நான் பொய் சொன்னேன், இருக்காது, அந்த வேலை நிஜமாகவே அவ்வளவு மோசமில்லை என்று மனசைத் திருத்திக்கொள்கிறார்கள். காந்திமதிக்கு என்ன கொடுத்தார்கள்? பொன்னாடை என்ற பேரில் மினுமினுக்கிற ஒரு துண்டு. சில ஊரில் ஒரு எவர்சில்வர் டிபன்பாக்ஸ். துண்டுகளில் ஒன்று வீட்டில் மிக்சியைப் போர்த்தியிருக்கிறது, ஒன்று தையல் மிஷினை. ஒரு மிக்சி உறைக்காகவா ஊர் ஊராகப் போய்ப் பெண்களே பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாய்? இருக்காதே. அப்படியென்றால் பொறுமையில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்? கூலியில் குறைந்த பாக்கியை மனசே தன் கையிலிருந்து போட்டுக் கட்டியிருக்கிறது. எப்போது கட்டியது என்று தெரியவில்லை. கட்டிவிட்டது என்பது மட்டும் கொத்தவரங்காய் மத்தியானத்தில் தெரிந்தது. ஏனென்றால் வடிவு அந்த வரியைச் சொன்னதும் காந்திமதி அரிவாள்மணையைப் பிடுங்கி எறியவில்லை, அவன் வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்கிறேன் என்று கிளம்பவில்லை. அவள் வாய் கேட்டது, காய்ச்சல் வந்தால் அவன் பார்த்துக்கொள்வானா அக்கா என்று. நிஜமாகவே கேட்டது. வடிவும் யோசித்து, ஒருக்கா மாத்திரை வாங்கிட்டு வந்தாரு என்றாள். இருவருக்கும் அதைக் கேட்டுக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போது, இந்த வெயில் நேரத்தில், இத்தனை பேர் நடுவில், முதுகுத்தண்டில் ஏதோ நடந்து போகிறது.

அப்புறம் சுதாரித்துக்கொண்டு போகாதே என்று சொல்லத்தான் பார்த்தாள். முந்தாநாள் வடிவு நேராகவே கேட்டாள், போகட்டா வேண்டாமா என்று. காந்திமதி வாயைத் திறந்தாள், ஒரு பக்கம் பார்த்தால் என்று ஆரம்பித்தது. இன்னொரு பக்கம் பார்த்தால் என்று தொடர்ந்தது. தன் குரலில் ஏற்ற இறக்கம் கூடுவதையும், ஒரு இடத்தில் கைதட்டுக்கென்று இடைவெளி விட்டதையும் தானே கேட்டாள். அந்த இடைவெளியில் பக்கத்து வீட்டுக் குக்கர் கூவியது. வடிவு வலது காதைக் காட்டியபடி கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரிளா, எனக்குக் கொழப்பமா இருக்கு, ஞாயித்துக்கிழமை பேசுவல்லா, அதுல தெளிவாச் சொல்லிரு என்றாள். மாமியாரும் போன் பண்ணியிருந்தாள். எங்க சங்கத்து விழாவுல உன் தங்கச்சி பேசுதாளாம்லா, வந்து கேளு, கேட்டுட்டு அப்படியே நம்ம வீட்டுக்குப் போயிருவோம். எவ்வளவு சாதுவான அழைப்பு பாருங்கள். வீட்டுக்கு வா என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடலாம். விழாவுக்கு வா என்றால்? பக்கத்தில் உட்கார் என்றால், பாயசம் குடி என்றால்? சின்னச் சின்ன சரிகளை அடுக்கிவைத்துக் கடைசியில் பெரிய சரியை வாங்குகிற இந்த வித்தையைக் கற்க அந்த அம்மாள் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போகவில்லை. அதோ, வடிவின் கன்னத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிடுகிறாள். நாலு பேர் பார்க்கிறார்கள். நல்ல மாமியார் என்று நாலு பேரும் நினைக்கிறார்கள். நாலு பேர் நினைப்பதை வடிவும் பார்க்கிறாள்.

சரி, என்ன சொல்வது. வழக்கமான பேச்சைப் பேசினால் வடிவு சாயங்காலப் பஸ்ஸில் போய்விடுவாள். மாற்றிப் பேசினால்? மாற்றுவது யார்? நிஜமாக நான் என்ன நினைக்கிறேன் என்று ஒருதரம் பார்த்துவிடலாம் என்று காந்திமதி கண்ணை மூடி உள்ளே போனாள். அங்கே ஒரு மண்டபம்தான் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக. இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், நடுவில் யாரும் இல்லாத ஒரு மேசை. விடுதிக்குத் தாமதமாக வந்ததற்காகக் காப்பாளரிடம் கத்தினாளே, அது அவளா, இல்லை அதுவும் உரிமை அணியின் முதல் பேச்சாளரா? காதலிக்கிறேன் என்று வந்து நின்றவனிடம் வேண்டாம் என்பதற்கு மூன்று காரணம் சொன்னாளே, அன்றைக்கு மூன்றும் பொருத்தமாக அமைந்துவிட்ட சந்தோஷத்தில் வேண்டாமா வேண்டுமா என்று யோசிக்கவே மறந்துவிட்டதோ? காரணங்களுக்கு அடியில் என்னதான் இருக்கிறது? ஒன்றுமே இல்லாவிட்டால்? எதை வேண்டுமானாலும் நம்பவைக்கத் தெரிந்தவளுக்கு நம்புவதற்கென்று ஒரு சாமானும் வீட்டில் இல்லாமல் போகுமோ? கண்ணைத் திறந்தாள். வடிவு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் ஊஞ்சலில் ஆட்டிவிடச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்ப்பாளே, அதே பார்வை.

மணி அடித்துவிட்டது. சேவியர் சார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு தன் பக்கம் போகிற வழியில் அவள் காதோரம் குனிந்து, நல்லா சூடேத்தி விட்டிருக்கேன், போம்மா என்றார். நடுவர் அய்யா, இந்தப் பிள்ளை மனசைப் பத்திப் படிக்குது, நம்ம மனசை மாத்தாம உட்காராது, புருஷன்மாரெல்லாம் நிம்மதியா சாஞ்சு உக்காருங்க என்றார். சிரிப்பு. காந்திமதி எழுந்தாள். மைக் வரைக்கும் கால்கள் தாமாகவே போயின. அவையோருக்கு வணக்கம் என்றாள், அதுவும் தானாகவே வந்தது. பிறகு நின்றுவிட்டது. கூட்டம் காத்திருந்தது; நல்ல பேச்சாளர்கள் தொடங்கும்போது கொஞ்சம் காக்கவைப்பார்கள் என்று அதற்குத் தெரியும். “கோபத்தில் அறைகிற கைதான் காய்ச்சலில் நெற்றியைத் தொடுகிற கையும்னு ஒரு வரி சுத்திக்கிட்டு இருக்கு” என்றாள். தெரிந்த வரி, மண்டபம் தட்டியது. “அதை எழுதினது நான். ஒரு கைதட்டு குறைஞ்சதுன்னு எழுதினேன். அது பொய். அறைகிற கை அறைகிற கைதான். அது நெத்திக்கு வர்றதே, அடுத்த தடவை அறையுறதுக்கு ஆள் எழுந்து நிக்கணும்னுதான்.” அப்புறம், ஐயோ, இடிபோலக் கைதட்டு. ஆண்கள் பக்கமும். சங்கத் தலைவர் தொடையில் தட்டினார். நடுவர் மைக்கை இழுத்து, எதிரணி அசந்துபோய் இருக்கு பாத்தீங்களா, இந்தப் பிள்ளை அவங்க வாதத்தைத் தானே சொல்லி இப்ப எப்படி முறிக்கப் போகுதுன்னு பொறுத்திருந்து பாருங்க என்றார். இல்லை, இது நிஜம் என்றாள் அவள். அதற்கும் தட்டினார்கள். இது நடிப்பில்லை, நான் நிஜமாகவே சொல்கிறேன் என்றாள். குரல் சரியான இடத்தில் உடைந்தது, சரியான இடத்தில் உடைந்ததை அவளே கேட்டாள், முன் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். வடிவின் மாமியார் முகம் கொள்ளாச் சிரிப்போடு தட்டிக்கொண்டிருந்தாள். அவள் தட்டுவதைப் பார்த்து, எல்லாரும் தட்டுவதைப் பார்த்து, வடிவும் தட்டினாள்.

காந்திமதி மைக்கை விட்டுவிட்டு மேடைப்படியில் இறங்கினாள். செருப்பு மேடைக்குப் பின்னால் கிடந்தது. வெறுங்காலோடு மூன்றாவது வரிசைக்குப் போனாள். நாற்காலிகளுக்கு நடுவில் முழங்கால்களை இடித்துக்கொண்டு, அக்காவின் வலது பக்கமாகப் போய் நின்றாள். மாமியார், அழகாப் பேசுன, இன்னும் முடிக்கலையேம்மா, போயி முடி என்றாள்.

“அக்கா, அங்க போவாண்டாம்.”

வடிவு அவளை அண்ணாந்து பார்த்தாள். கிண்டல் இல்லை, கோபம் இல்லை, தெரியாத ஊரில் வழி கேட்பவள்போலக் கேட்டாள். “இது எந்த அணிளா?”

காரணங்கள் வந்து நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று பல் துலக்கிப் பொட்டு வைத்துக்கொண்டு, பின்னால் உவமையோடு, நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றன. எல்லாமே நல்ல காரணங்கள். அவற்றின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டாள். அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று வாய் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். தொண்டைக்குக் கீழே எங்கேயோ, பேசத் தெரியாத ஏதோ ஒன்று, அக்காவின் இடது காதையே பார்த்துக்கொண்டிருந்தது.

“தெரியலக்கா.”

“எப்பவும் மூணு காரணம் சொல்லுவியே.”

“ஒண்ணும் இல்ல. போவாண்டாம். அவ்வளவுதான்.”

வடிவு கொஞ்ச நேரம் தங்கச்சியின் வாயையே பார்த்தாள், இன்னும் ஏதாவது வருமோ என்று. வரவில்லை. காந்திமதியின் உதடு நடுங்கியது, அழகில்லாமல், தாளம் தப்பி. மாமியார் மருமகளின் முழங்கையைத் தொட்டு, நேரமாகுது தாயி, அவ போயி பேசட்டும், நம்ம பஸ்ஸப் பிடிப்போம் என்றாள். வடிவு எழுந்தாள். எந்தப் பக்கம் எழுந்தாள் என்று ஒரு கணம் இரண்டு பேருக்குமே விளங்கவில்லை. “கொஞ்சம் வழி விடுங்க அத்தை” என்றாள், மரியாதையாகவே, காந்திமதியின் வலது கையைப் பிடித்து, மாமியாரின் கால்களைத் தாண்டிக்கொண்டு நடைபாதைக்கு வந்தாள். வீட்டுக்குப் போவோம்ளா, காது வலிக்கு என்றாள்.

இரண்டு பேரும் வாசலைப் பார்த்து நடந்தார்கள். பின்னால் ஒலிபெருக்கியில் நடுவர் அய்யாவின் குரல் குழைந்தது. எந்தத் துணியும் வீணாகாது அவரிடம். பாத்தீங்களா, மேடை பெருசில்லை, வெற்றி பெருசில்லை, கூடப் பிறந்தவதான் பெருசுன்னு இறங்கிப் போயிட்டா. இதுக்கு மேல பொறுமைக்கு என்ன சாட்சி வேணும், குடும்பம் நிலைப்பது இதனாலதானய்யா என்றார். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. தகரக் கூரையில் மழை பிடித்ததுபோல அந்தச் சத்தம் முதுகில் வந்து கொட்டியது, கழுத்தில் வழிந்தது, கால்கள் மெல்ல மெல்லத் தயங்கின. போ, நிற்காதே என்று காந்திமதி தன் கால்களிடம் சொன்னாள். அவை கேட்கவில்லை. தலை தானாகப் பின்னால் திரும்பியது, முகத்தில் ஒரு அடக்கமான சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்தது, நன்றி சொல்லிக் கும்பிடுவதற்குக் கைகள் இரண்டும் கிளம்பின. வடிவு பிடித்த கையை விடவில்லை. மற்றது மட்டும் நெஞ்சு வரைக்கும் வந்து, துணை தேடி, அந்தரத்தில் நின்றது.